எல்லைக்கோடு: ஊறுகாய் ‘ருகாய்’ ஆன ஊர்

போனில் மேப்பைத் திறந்து இந்தியப் பெருங்கடல் பக்கம் போனால், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுதான் ரீயூனியன் தீவு. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். மேற்குக் கரையில் சேன் போல் என்று ஒரு நகராட்சி. அதன் எல்லைக்குள், கடலைப் பார்த்த மலைச்சரிவில், விலேல் என்று ஒரு சிற்றூர்.

கரும்புத் தோட்டம், ஒரு பழைய பங்களா, கூரான கூரையோடு ஒரு சின்ன தேவாலயம், வரிசையாகச் சில வீடுகள். இவ்வளவுதான் ஊர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, போஸ்ட் ஆபீஸில் பிரெஞ்சு, கடையில் கொடுப்பது யூரோ. வீட்டிலும் தெருவிலும் பேசுவது கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த அந்தத் தீவின் சொந்தப் பேச்சு. ‘கொமான் இ லே?’ என்று கேட்டால் ‘எப்படி இருக்கே?’ என்று அர்த்தம். ‘லே லா’ என்பார்கள். ‘இருக்கேன்’ மாதிரி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால்தான் கதை மாறும். தட்டில் வெள்ளைச் சோறு. பக்கத்தில் ‘காரி’. தொட்டுக்கொள்ள ‘ருகாய்’. கீரையின் பெயர் ‘பிரேத் மூருங்’. குழம்பில் மிதக்கும் இலையைக் காட்டிக் கேட்டால் ‘கலூபிலே’ என்பார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் புரிந்துவிடும்: கறி, ஊறுகாய், முருங்கை, கறிவேப்பிலை.

சமைத்தவருக்குத் தமிழ் தெரியாது. அவர் அம்மாவுக்கும் தெரியாது. பாட்டிக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

ஒரு மொழி ஒரு குடும்பத்தை விட்டுப் போகும்போது எதை விட்டுவிட்டுப் போகிறது? இந்தக் கேள்விக்கு விலேல் மாதிரி ஊர்களில் பதில் கிடைக்கும். ஜவளகிரி மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்தப் பதில் கொஞ்சம் முக்கியமும்கூட. தமிழ்நாட்டின் விளிம்பில், கர்நாடகக் காட்டை ஒட்டி இருக்கும் ஊர் இது. வீட்டுக்குள் கன்னடம், அடுத்த தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், ஓசூர் சிப்காட் கம்பெனி வாசலில் இந்தி. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் சாதாரணம். அதனால்தான் எந்த மொழி எப்போது நழுவிப் போகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

பாண்டிச்சேரி மாதிரியே ஒரு வீடு

விலேல் ஊரின் மையம் அந்தப் பழைய பங்களாதான். 1780களின் கடைசியில் கட்டியது. கட்டியவர்கள் பனோன் தெபஸேன் என்ற பெரும் பண்ணைக் குடும்பம். அந்த வீட்டுக்கு முன்மாதிரி பாரீஸ் மாளிகை எதுவும் இல்லை. நம் பாண்டிச்சேரி வீடுகள்தான். தூண் வைத்த தாழ்வாரம், சுண்ணாம்புக் காரை போட்ட தட்டையான மொட்டை மாடி. அந்த மொட்டை மாடி போடும் வித்தையே இந்தியாவிலிருந்து போனதுதான்.

வீட்டுக்காரரின் மனைவி ஓம்ப்லின். பதினைந்து வயதில், 1770-ல் கல்யாணம். 1800-ல் கணவர் இறந்தபிறகு, கிட்டத்தட்ட நாற்பத்தாறு வருஷம் அந்தப் பண்ணையைத் தனியாளாக நடத்தினார். காப்பி, பருத்தி, பிறகு கரும்பு. பெண் என்பதால் யாரும் ஏமாற்ற முடியவில்லை என்று ஒரு பக்கம் புகழ்வார்கள். இன்னொரு பக்கம், அவரிடம் நானூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். இந்தியாவிலிருந்து அடிமையாக விற்கப்பட்டவர்களும் அந்தத் தீவில் உண்டு.

1846-ல், தொண்ணூறு வயதைத் தாண்டி, ஓம்ப்லின் இறந்தார். கூரான கூரைத் தேவாலயத்தில்தான் கல்லறை. ஆனால் ஊர்ப் பேச்சு அவரை அங்கே படுக்க விடவில்லை. தீவில் இருக்கும் எரிமலை நெருப்பைக் கக்கும்போதெல்லாம், உள்ளே மதாம் தெபஸேன் வெந்துகொண்டிருக்கிறார் என்று சொல்வது அங்கே வழக்கம். பேய்க்கதைதான். ஆனால் கோர்ட்டுக்குப் போக முடியாதவர்கள் எழுதிய தீர்ப்பு என்றும் அதைச் சொல்லலாம்.

இந்தக் குடும்பத்தைப் பாண்டிச்சேரிக்காரர்களும் அறிவார்கள், பெயர் தெரியாமலே. ஓம்ப்லினின் பேரன் எழேன் தெபஸேன் 1826 முதல் 1828 வரை பாண்டிச்சேரியின் கவர்னர். இன்றைக்கும் நடக்கும் பிரெஞ்சு லிசே பள்ளி 1826-ல் அவர் தொடங்கியது. ரோமன் ரோலண்ட் பெயரில் இருக்கும் நூலகத்தின் வேர் 1827-ல் அவர் தொடங்கிய பொது நூலகம். பாட்டி பண்ணையில் அடிமைகள். பேரன் கவர்னராக இருந்த ஊரில் பள்ளிக்கூடமும் நூலகமும். இரண்டும் ஒரே குடும்பத்துக் கணக்குப் புத்தகம்.

ஓம்ப்லினின் மகள்கள் இருவர் விலேல் என்ற பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்து அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒரு மருமகன், ழோசெஃப் தெ விலேல், 1820களில் பிரான்ஸின் பிரதமராகவே இருந்தார். சொத்து விலேல் குடும்பத்துக்குப் போனது. ஊருக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

கப்பல் ஏறியவர்கள்

1848 டிசம்பர் 20. தீவில் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தார்கள். சுமார் அறுபதாயிரம் பேர் ஒரே நாளில் விடுதலை. இன்றைக்கும் அந்தத் தேதி அங்கே அரசு விடுமுறை. ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். ஆனால் விடுதலையானவர்கள் அதே கரும்புக்காட்டில் அதே எஜமானுக்கு வேலை செய்ய விரும்பவில்லை. யார்தான் விரும்புவார்கள்?

கரும்புக்கு ஆள் வேண்டும். பண்ணைக்காரர்கள் கண் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. அதற்கு முன்பே, 1828-ல், ஏனாமிலிருந்து கொஞ்சம் தெலுங்குக் கூலிகளை அழைத்துப்போய்ப் பார்த்திருந்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1848-க்குப் பிறகு வந்தது பெரிய அலை. ஆள் பிடிக்கும் தரகருக்குப் பிரெஞ்சு ஆவணங்களிலேயே ‘மேஸ்திரி’ என்றுதான் பெயர். அவர்கள் தஞ்சாவூர், தென்னாற்காடு கிராமங்களுக்குப் போய், பஞ்சம் பட்ட வீடுகளாகப் பார்த்துப் பேசினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம், அரிசி, முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம்.

வெள்ளைக்காரன் ஆட்சிப் பகுதியிலிருந்து ஆள் எடுக்க அவன் அனுமதி வேண்டுமல்லவா? 1860-லும் 1861-லும் பிரான்ஸும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஆனால் தீவிலிருந்து புகார்கள் வந்தபடி இருந்தன: சம்பளப் பிடித்தம், அடி, ஒப்பந்தம் முடிந்தும் விடாமல் வைத்திருப்பது. 1877-ல் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து விசாரித்தார்கள். 1882-ல் பிரிட்டன் கதவைச் சாத்தியது. அதற்குள் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

அவர்கள் தங்கிய நீளமான வரிசைக் கொட்டகைக்கு ‘கல்பனோன்’ என்று பெயர். நீலகிரி, வால்பாறை எஸ்டேட்டுகளின் லைன் வீடு பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விலேல் மாதிரி ஊர்கள் எல்லாம் இப்படிப் பண்ணைக் கூலிக் குடியிருப்பிலிருந்து வளர்ந்தவைதான். முதலில் அடிமைகள், பின்னால் ஒப்பந்தக் கூலிகள்.

தமிழர்களை அங்கே ‘மல்பார்’ என்றார்கள். மலபார் கரைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவின் தென்கோடி என்றால் எல்லாம் மலபார் என்று நினைத்த பழைய ஐரோப்பியப் பழக்கம். இன்றும் அந்தப் பெயர்தான்.

குமாஸ்தா எழுதியது

கப்பலிலிருந்து இறங்கியவரிடம் குமாஸ்தா பெயர் கேட்டார். அவர் சொன்னார். இவர் காதில் விழுந்ததை எழுதினார். முத்துசாமி ‘முத்துஸாமி’ என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் ஏறியது. மீனாட்சி ‘மினாச்சி’. ராமசாமி, கோவிந்தன், லட்சுமி எல்லாம் இப்படியே. ஒருவரின் சொந்தப் பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயர் ஆனது. அதனால் அங்கே மீசை வைத்த ஆண்களுக்கும் மினாச்சி என்று குடும்பப் பெயர் இருக்கும். எந்தக் கிராமம், எந்தக் குலசாமி என்பதெல்லாம் உதிர்ந்து, ஒரு தாத்தாவின் அல்லது பாட்டியின் கூப்பிடு பெயர் மட்டும் மிஞ்சியது.

முன்னால் சேர்ந்துகொண்டது ழான், போல், மரீ. சேன் ஆந்த்ரே நகரத்துக்குப் பல காலம் மேயராக இருந்த, பாரீஸ் செனட்டிலும் உட்கார்ந்த அரசியல்வாதியின் பெயர் ழான்-போல் விராபுல்லே. அந்தக் கடைசிப் பாதியை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

1889-ல் பிரான்ஸ் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்த வெளிநாட்டவர் பிள்ளைகளைப் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆக்கும் வழியைத் திறந்தது. 1946-ல் தீவு காலனி என்ற நிலையிலிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டமாகவே மாறியது. கூலியின் பேரன் பாரீஸ்காரனுக்குச் சமமான ஓட்டுரிமை பெற்றான். பள்ளி, ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாம் வந்தது. லேசான விஷயம் இல்லை இது. இதற்குத் தனியாக ஒரு பில்லும் வந்தது. அதுதான் மொழி.

எப்படிப் போனது தமிழ்?

யாரும் தடைச் சட்டம் போட்டுத் தமிழைத் துரத்தவில்லை. பண்ணையில் பக்கத்தில் வேலை செய்தவர் மடகாஸ்கர்காரர், மொசாம்பிக் பக்கத்து ஆள், சீனர். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கிரியோல். கப்பலில் வந்த பெண்கள் குறைவு. கலப்புக் கல்யாணங்கள் சகஜம். அம்மா தமிழ் பேசாத வீட்டில் பிள்ளை எங்கே தமிழ் பேசும்? 1882-க்குப் பிறகு ஊரிலிருந்து புது ஆட்கள் வருவதும் நின்றது. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சு. முன்னேற வேண்டும் என்றால் பிரெஞ்சு. வீட்டுப் பெரியவர்களே பிள்ளைகளிடம் தமிழ் பேசுவதை நிறுத்தினார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. பிள்ளை கரும்பு வெட்டக் கூடாது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மொரீஷியஸில் கதை வேறு. அங்கேயும் கரும்பு, அங்கேயும் கூலிகள். ஆனால் ஆண்டது பிரிட்டன். யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று அது அதிகம் கவலைப்படவில்லை. இன்று மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்ததும், அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றதும் தனிக்கதை. ரீயூனியனில் சண்டை போட நோட்டும் இல்லை, எழுத்தும் இல்லை.

அங்கே எத்தனை பேர் தமிழ் வம்சம்? அரசிடம் கணக்கே கிடையாது. குடிமகனின் இனத்தையும் மதத்தையும் பிரான்ஸ் கணக்கெடுப்பதில்லை. எட்டு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள தீவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அடுப்படியும் கோயிலும்

மொழி போன பிறகும் இரண்டு இடங்களில் அது ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒன்று அடுப்படி. பீர்க்கங்காய் அங்கே ‘பிப்பங்காய்’. கொத்தமல்லி ‘கொத்தோமிலி’. ஆட்டுக்கறிக் குழம்பு ‘கப்ரி மசாலே’. விசேஷ நாள் என்றால் அதுதான். ‘ருகாய்’ நம் ஊறுகாய்தான் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள், ஆனால் ஜாடியில் ஊறுவதில்லை. அன்றன்றைக்கு இடித்துச் செய்யும் காரத் துவையல். பெயர் கடல் தாண்டிப் போய் வேறு வேலைக்குச் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று கோயில். ஒப்பந்தக் கூலிகள் தங்கள் சாமியைக் கும்பிட உரிமை பெற்றிருந்தார்கள். பொங்கலுக்கு விடுமுறையும் உண்டு. பண்ணைக்குப் பக்கத்திலேயே ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்த கோயில்கள் இன்று கோபுரத்தோடு நிற்கின்றன. விலேலிலும் ஒரு தமிழ்க் கோயில் இருக்கிறது. ‘கொய்லு’ என்பார்கள். பூசாரிக்கு ‘புசாரி’. மதுரை வீரன் ‘மர்தேவிரன்’ ஆகிவிட்டார். காளி ‘கர்லி’.

‘பாந்தியாலே’ யார் என்று கண்டுபிடிக்க முடிகிறதா? பாஞ்சாலி! திரௌபதி அம்மன். அவளுக்குத்தான் தீமிதி. கையில் மஞ்சள் கட்டிய ‘கப்’ (நம் காப்பு) கட்டிக்கொண்டு, பதினெட்டு நாள் விரதம் இருந்து, பூக்குழி இறங்குகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக்காரர்களுக்கு இந்தப் பதினெட்டு என்ற எண்ணைச் சொன்னாலே போதும். பாரதம் படிப்பது, ராத்திரி முழுக்கக் கூத்து, மண்ணால் பெரிய துரியோதனன் செய்து படுகளம், கடைசியில் தீமிதி என்று இந்தப் பக்கத்துக் கிராமங்கள் வருஷா வருஷம் நடத்துவதும் அதே கதையைத்தான். எல்லை தாண்டி பெங்களூரு போனால், அதே திரௌபதிக்குக் கரகம்.

தீமிதித்தவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போவார்கள். ஞானஸ்நானமும் உண்டு, மொட்டை அடிப்பதும் உண்டு. சாலையோரம் சிவப்புச் சாயம் பூசிய சின்னச் சின்ன மாடங்களில் சேன் எக்ஸ்பெதித் என்ற கிறிஸ்தவப் புனிதர் நிற்பார். பார்த்தால் முனியப்பன் மாடம் மாதிரியே இருக்கும். அவரிடம் வேண்டிக்கொள்பவர்களில் எல்லாச் சாதி, எல்லா நிறமும் அடக்கம்.

வாத்தியாரின் நோட்டு

எல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது ‘பால் தமுல்’. பால் என்றால் பிரெஞ்சில் நடனம். அதாவது தமிழ்க் கூத்து. ‘நார்ல்கோன்’ என்றும் சொல்வார்கள். நாடகம் தேய்ந்து அப்படி ஆனது. மரத்தில் செய்த கிரீடம், தோள்கட்டை, முகத்தில் அரிதாரம், ‘மத்தலோன்’ என்ற மத்தளம், ‘தாலோன்’ என்ற தாளம். ராத்திரி முழுக்க மகாபாரதம். நம் தெருக்கூத்தேதான். கூத்தை நடத்துபவருக்கு ‘வார்த்தியால்’ என்று பெயர். வாத்தியார்!

அந்த வாத்தியாரிடம் ஒரு நோட்டு இருக்கும். அவருடைய குருவிடமிருந்து கையால் பார்த்து எழுதியது. அதில் தமிழ்ப் பாட்டு பிரெஞ்சு எழுத்தில் இருக்கும். அவருக்குத் தமிழ் பேச வராது. பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தமும் தெரிந்திருக்காது. இந்த இடத்தில் பாஞ்சாலி அழுகிறாள், இந்த இடத்தில் துச்சாதனன் வருகிறான் என்பது தெரியும். ஆகவே அவர் ஒரு அடி பாடி, பிறகு கிரியோலில் கதையைச் சொல்லுவார். கூட்டம் கேட்கும்.

அர்த்தம் தெரியாத ஒன்றை ஒருவர் நான்கு தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து எழுதிவைக்கிறார் என்றால், அதைக் கேலி செய்ய முடியுமா? ஆனால் சிலர் செய்தார்கள். 1970களுக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்துபோவது எளிதானது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குருக்கள் அழைத்துவரப்பட்டார்கள், ஸ்தபதிகள் போய்க் கோபுரம் கட்டினார்கள். கூடவே ஒரு சங்கடமும் போனது. ‘நீங்கள் செய்வது சுத்தமான முறை இல்லை. ஆடு, கோழி வெட்டக் கூடாது. மந்திரம் தப்பு’ என்று பேச்சு வந்தது. ஒரு பக்கம் ஆகம முறைக் கோயில்கள். இன்னொரு பக்கம் தாத்தா காட்டிய வழியில் காளிக்குக் கிடா வெட்டும் பழைய மல்பார் குடும்பங்கள். அந்த இழுபறி இன்றும் முழுதாக ஓயவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கப்பல் ஏறியவர்கள் கொண்டுபோனது பெரிய கோயில் பூசையை அல்ல. எல்லைச்சாமி, முனி, மாரி, வீரன், கிடா, பொங்கல். அதை அவர்கள் சரியாகத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஜவளகிரிப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்தில் ஒருவரை அழைத்துப்போய் அந்தத் தீவுக் கோயிலில் விட்டால், அவர் பாட்டுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருவார். தப்பு என்று சொல்பவர்களுக்கு நம் கிராமத்தையே சரியாகத் தெரியாது.

மொழியை மீட்கும் முயற்சியும் நடக்கிறது. கோயில் சங்கங்கள் மாலை வகுப்பு நடத்துகின்றன. சில பள்ளிகளில் தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம். சேன் ஆந்த்ரேயில் தீபாவளியைத் தெருவெல்லாம் விளக்கேற்றி ஊர்த் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் வகுப்பில் கற்கும் தமிழ் பாட நூல் தமிழ். பாட்டி சொன்ன ‘மூருங்’ அதில் இல்லை, ‘முருங்கை’ இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டு மொழியாகத்தான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

களி, முத்தே, சங்கட்டி

ஜவளகிரிக்கு வருவோம். ராகி விளையும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்த வழியாக இறங்கும். எந்த இடத்தில் கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது என்று யானைகள் கேட்பதில்லை. மனிதர்களும் ரொம்பக் காலம் கேட்டதில்லை. ஓசூர் பகுதி முதலில் சேலம் மாவட்டம், 1965-ல் தருமபுரி, 2004-லிருந்து கிருஷ்ணகிரி. கோடுகள் மாறின, வீட்டுப் பேச்சு மாறவில்லை. யானை தின்றது போக மிச்சம் இருக்கும் ராகியில் கிண்டும் உருண்டையைத் தமிழ் வீட்டில் களி என்பார்கள், கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. மூன்று வீட்டுக்காரர்களுக்கும் மூன்று சொல்லும் தெரியும்.

இது இப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னட வழி, தெலுங்கு வழி அரசுப் பள்ளிகள் உண்டு. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கட்டாயப் பாடம். மொழிச் சிறுபான்மையினர் கோர்ட்டுக்குப் போனார்கள். வாதங்கள் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் மாற்றத்துக்கு இந்தச் சட்டம் காரணமில்லை. அப்பா சிப்காட்டில் வேலை, பிள்ளை இங்கிலீஷ் மீடியம், போனில் யூடியூப். பாட்டி தெலுங்கில் கேட்டால் பேத்தி தமிழில் பதில் சொல்கிறாள். இன்னொரு வீட்டில் கன்னடத்தில் கேட்டால் இங்கிலீஷில் பதில். பாட்டி புரிந்துகொள்கிறார். பேத்தியும் புரிந்துகொள்கிறாள். யாருக்கும் எதுவும் குறைந்த மாதிரி தெரிவதில்லை. காட்டை ஒட்டிய இருளர் வீடுகளின் பேச்சைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை.

ரீயூனியனிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. கேட்பவர் ஒரு மொழியிலும் பதில் சொல்பவர் இன்னொரு மொழியிலும் பேசும் தலைமுறை ஒன்று எல்லா இடத்திலும் வரும். அதற்கு அடுத்த தலைமுறைக்குக் காய்கறிப் பெயர்தான் மிஞ்சும்.

அவர்களுக்குக் கப்பல் குறுக்கே இருந்தது, 1882-ல் கதவும் சாத்தப்பட்டது. இங்கே பாட்டி பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.

விலேல் பங்களா இப்போது அருங்காட்சியகம். 1970களில் மாவட்ட நிர்வாகம் வாங்கியது. எஜமானியின் மேஜை நாற்காலியும், அடிமைகளின் பெயர்ப் பட்டியலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியே அடிமைகளுக்கான ஆஸ்பத்திரிக் கட்டடமும், ஆலையின் இடிபாடும் நிற்கின்றன. சென்னையிலிருந்து போக முடிந்தவர்கள் போகலாம். முடியாதவர்களுக்கு ருகாய் இருக்கிறது.

நன்றாகப் பழுத்த மூன்று தக்காளியைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் ஒன்று, இன்னும் பொடியாக. ஒரு துண்டு இஞ்சி, மூன்று பச்சை மிளகாய், தேவையான உப்பு மூன்றையும் அம்மியில் வைத்து நசுக்குங்கள். மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும். எல்லாவற்றையும் கலந்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, எலுமிச்சைத் தோலை லேசாகத் துருவிப் போடுங்கள். அங்கே ‘கொம்பாவா’ என்ற சொரசொரப்பான எலுமிச்சையின் தோலைப் போடுவார்கள். அதன் வாசனை இதில் பாதிதான் வரும். அடுப்பே வேண்டாம். ஐந்து நிமிஷம் ஊறட்டும். சோற்றுக்கும் பருப்புக்கும் தொட்டுக்கொள்ளலாம். சூடான களிக்கு இன்னும் பிரமாதம்.